அண்டி ஆபீசுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்

ஒரு தொழிற்சாலைச் சோதனையில் நான் முதன்முதலாகப் பங்கெடுத்தபோது எனக்கு 5 வயசு. 1980களின் நடுப்பகுதி. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருங்கல் போகிற வழியில் ஒரு அண்டி ஆபீசு. எனக்க அம்மை அங்கே அண்டி தல்லிக்கொண்டிருந்தாள். (வெளியூர்த் தோழர்களுக்கு: முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அண்டி ஆபீசு என்று பேர். ஆபீசு என்றதும் மேசையும் மின்விசிறியும் உங்கள் மனசில் வந்தால் அது உங்கள் பிழையல்ல.)

அன்று விடியற்காலையிலேயே மேஸ்திரி எங்கள் சாம்பவர் குடியிருப்புக்கு ஆள் விட்டான். பிள்ளைகள் வேணும், அழாத பிள்ளைகளாப் பார்த்துக் கொண்டு வாங்கோ என்று. ஆறு பேர் தேறினோம். 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் 6 வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பாலர் அறை இருக்க வேண்டும் என்றது அன்றைய 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 48ஆம் பிரிவு. மற்ற நாளெல்லாம் சாக்கு அடுக்கிக் கிடந்த ஒரு முறியைக் கழுவி, பாய் விரித்து, சேலைத் தொட்டில் ஒன்றும் கட்டி எங்களை உள்ளே இருத்தினார்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். எங்களை முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோன அதே நேரத்தில், பருப்புத் தோல் உரித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு வயசு அக்காமாரைப் பின்வாசல் வழியாகத் தென்னந்தோப்புக்குள் விரட்டினார்கள். சட்டப்படி இருக்கவேண்டிய பிள்ளைகள் உள்ளே, இருக்கக்கூடாத பிள்ளைகள் வெளியே. அரைமணி நேரத்தில் ஒரு ஆபீசு சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்து என் பேரைக் கேட்டார். சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டார். ஜீப்பு போனதும் மேஸ்திரி வந்து பிரிக்காத பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். நான் பாதி தின்றிருந்தேன். என்னுடையதை மட்டும் வாங்கவில்லை. இரக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்கள் கை பட்டதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான் என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கிற்று.

ஆக, அரசாங்கக் கோப்பு ஒன்றில் எங்கோ நானும் ஒரு சாட்சி. பாலர் அறை இயங்குகிறது, பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்கின்றன.

இதைச் சொன்னால் உடனே ‘லஞ்சம்’ என்கிறார்கள் தோழர்கள். லஞ்சம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்கு வந்தவர் ஒரு பைசா வாங்காத உத்தமராகவே இருக்கட்டும். அவர் கண்ணில் எது பட்டிருக்கும்? எதைப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது? சாவதானமாக எல்லா அறையும் சுற்றியிருந்தாலும் அவர் நோட்டில் ஏறாத ஒரு மீறல் அங்கே இருந்தது. இன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச்சு.

அண்டி ஆபீசின் உள்ளே போவோம். பச்சை அண்டியை முதலில் வறுக்க வேண்டும், அல்லது ஆவியில் வேகவைக்க வேண்டும். டிரம்மில் வறுக்கிற ஆபீசு என்றால் புகை ஊர் எல்லை வரை வரும், தொண்டை கமறும். பிறகு தல்லுதல். ஒவ்வொரு அண்டியாக எடுத்து, கல்லின்மேல் நிறுத்தி, கொட்டுவடியால் ஓடு உடையவும் பருப்பு உடையாமலும் தட்ட வேண்டும். நாள் முழுக்கத் தரையில் குத்தவைத்து இருந்து செய்கிற வேலை. பிறகு பருப்பை போர்மாவில் ஏற்றி உணக்குவார்கள். பிறகு தோல் உரித்தல். கடைசியில் வெள்ளைப் பருப்பைத் தரம் பிரித்தல். அதற்குத்தான் வெளிச்சமான அறை, மேசை, சுத்தமான துணி.

எண்ணெய் எங்கே கையில் படுகிறதோ அந்த இடத்தில் யார் இருந்தார்கள்? எனக்க அம்மை, அவளுக்க தங்கச்சி, பக்கத்து வீட்டு மாமி. தல்லுகிற வரிசையில் எங்கள் ஆட்கள். தோல் உரிக்கிற முறியில் வேறு சாதிப் பெண்கள். தரம் பிரிக்கிற மேசையில் இன்னும் ‘மேலே’. யாரும் எழுதிவைத்த விதி அல்ல. வேலைக்குப் போன முதல் நாளே அம்மையைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு அவள் இருக்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். “பருப்பு தின்னுற சாதனம் இல்லியா மக்களே, நம்ம கை பட்டா வெளிநாட்டுக்காரன் வாங்குவானா?” என்று அம்மை சிரித்துக்கொண்டே சொல்வாள். வெளிநாட்டுக்காரனுக்கு நம் சாதி தெரியாது அம்மை, மேஸ்திரிக்குத்தான் தெரியும்.

இது ஒரு ஆபீசின் கதை அல்ல. இந்தத் தொழில் எங்களுக்கு வந்ததே கொல்லத்திலிருந்து. கொல்லத்து முந்திரித் தொழிலாளர்களைப் பற்றி சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அன்னா லிண்ட்பெர்க் 2001இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தல்லுகிற வேலையில் புலையர், குறவர் பெண்கள் குவிந்திருந்ததையும், தரம் பிரிக்கிற வேலை நாயர் முதலான சாதிப் பெண்களின் இடமாக இருந்ததையும் பதிவு செய்கிறார். ஒரே கூரை, ஒரே முதலாளி, ஒரே சங்கம். ஆனாலும் ஊரில் சேரி எங்கே இருக்கிறதோ அதே திக்கில் ஆபீசுக்குள்ளும் ஒரு சேரி.

இனி அந்த எண்ணெய். சேங்கொட்டைப் பால் பட்டால் உடம்பு வெந்துபோகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்ணார் துணியில் குறி போட்ட கொட்டை அது, எத்தனை வெளுப்புக்கும் போகாது. கொல்லமாவும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். அண்டி ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால் என்று தோலைத் தின்கிற பொருட்கள். முதலில் எரியும், பிறகு கறுக்கும், பிறகு தோல் உரியும். உரிந்த இடத்திலேயே மறுநாளும் படும். அம்மை அடுப்புச் சாம்பலை அப்பிக்கொள்வாள், சில நாள் தேங்காய் எண்ணெய். வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு உருட்டித் தர மாட்டாள், கரண்டியால் போடுவாள். கை காந்தும், பிள்ளைகள் வாயில் அந்த எண்ணெய் பட்டுவிடும் என்ற பயம். அம்மை கையால் ஒரு உருண்டை தின்ற நினைவு எனக்கு இல்லை.

ஓட்டிலிருந்து பிழிந்த இந்த எண்ணெய்க்குச் சந்தை உண்டு. பெயின்டுக்குப் போகிறது, வாகனத்தின் பிரேக் லைனிங்குக்குப் போகிறது, பிசின் செய்யப் போகிறது. அந்த 1948ஆம் வருடச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில், ரசாயனங்களும் பெயின்டும் நேரடியாகப் படுவதால் வருகிற தோல் நோய் என்று ஒரு வரி இருந்தது. 89ஆம் பிரிவின்படி அப்படியொரு நோயாளியைக் கண்டால் மானேஜரும் அறிவிக்க வேண்டியிருந்தது, பார்த்த வைத்தியரும் அறிவிக்க வேண்டியிருந்தது. எனக்க அம்மையின் கையைப் பற்றி யாரும் யாருக்கும் அறிவிக்கவில்லை. பீப்பாயில் அடைத்து லாரியில் ஏற்றும்போது அது ரசாயனம். பறச்சியின் கையில் படும்போது அது ‘கறை’. கறை என்றால் கழுவிக்கொள்ள வேண்டியதுதானே, அதற்கு என்ன சட்டம்?

கையுறைக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று கையுறை கொடுத்தார்கள். போன பிறகு வாங்கிவைத்தார்கள். இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை: வாங்கிவைக்காவிட்டாலும் அம்மை அதைக் கழற்றியிருப்பாள். ஏனென்றால் கூலி கிலோவுக்கு. அதுவும் முழுப் பருப்புக்குத்தான் மரியாதை, உடைந்தால் கணக்கில் கழியும். கையுறை போட்டால் அண்டி நிற்கிற கோணம் விரலுக்குத் தெரியாது. அடி தப்பும், பருப்பு உடையும், வேகம் குறையும். சாயங்காலம் தராசில் நிற்கும்போது கையுறை போட்டவளுக்கும் போடாதவளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நேரத்து அரிசி. “இன்ஸ்பெக்டரு வந்தா நமக்கு என்னத்துக்கு? அவரு வாற அண்ணைக்கு ஒரு மணிக்கூறு வேலை கெட்டுப்போவும். கிலோ கொறையும்” என்பாள் அம்மை. அவளைப் பொறுத்தமட்டில் பாதுகாப்புச் சோதனை என்பது கூலி வெட்டு.

பிறகு அதிகாரிகள் எழுதுவார்கள்: கையுறை வழங்கப்பட்டுள்ளது, தொழிலாளர்கள் அணிய மறுக்கிறார்கள், விழிப்புணர்வு தேவை. விழிப்புணர்வு! எங்கள் பெண்களுக்கு எரிச்சல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒரு முகாம் வேண்டுமாம்!

மீறல் கையுறையில் இல்லை. கிலோவுக்கு இத்தனை என்று போட்ட கூலிக் கணக்கில் இருக்கிறது. யார் எங்கே குத்தவைக்க வேண்டும் என்று முடிவு செய்த சாதிக் கணக்கில் இருக்கிறது. இந்த இரண்டு கணக்கும் எந்தச் சோதனைப் படிவத்திலும் இல்லை. காற்றோட்டம் உண்டா, குடிதண்ணீர் உண்டா, கக்கூசு உண்டா, முதலுதவிப் பெட்டி உண்டா, எந்திரத்துக்கு வேலி உண்டா — எல்லாம் அவசியமான கேள்விகள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கக்கூசுக்குப் போனால் கிலோ குறையும் என்று நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருக்கிறவளுக்குக் கக்கூசு கட்டியிருப்பதால் மட்டும் என்ன லாபம் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை என்பதுதான் என் புகார்.

சோதனையே நடக்கவில்லை என்பதல்ல நம் நாட்டின் பிரச்சினை. 2012 செப்டம்பரில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேருக்கு அருகில் செத்தார்கள். வெடிப்பதற்கு முன்பே சோதனை நடந்திருந்தது, விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன, உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. அதற்கு ஆறாம் நாள், செப்டம்பர் 11, கராச்சியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் கருகினார்கள். அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச்சான்று கிடைத்திருந்தது. ஒரு சோதனை குற்றத்தைக் கண்டுபிடித்தது, இன்னொரு சோதனை குற்றமே இல்லை என்றது. இரண்டு இடத்திலும் உள்ளே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மறுவருடம் ஏப்ரல் 24, டாக்காவில் ராணா பிளாசா. முதல் நாளே சுவர் விரிந்ததைத் தொழிலாளர்கள் பார்த்தார்கள், கட்டடத்தை விட்டு வெளியேவும் வந்தார்கள். மறுநாள் காலையில் கூலியைச் சொல்லி மிரட்டி உள்ளே அனுப்பப்பட்டார்கள். செத்தவர்கள் 1,100க்கு மேல்.

பார்க்கத் தெரிந்த ஒரு ஆளை நமக்குத் தெரியும். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற பாபாசாகேப் அம்பேத்கர், 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கினார். தொழிலாளர் குடிசைகளுக்குள்ளும் போய்ப் பார்த்தார். தொழிற்சாலை வேலைநேரம் வாரம் 48 மணியாகக் குறைந்த 1946ஆம் வருடத் திருத்தம் அவர் துறையில் உருவானது. நம் மேடைகளில் அரசியல் சட்டப் புத்தகத்தோடு கோட்டுப் போட்ட அம்பேத்கரை வரைகிறோம். சுரங்கத்துக்குள் இறங்கிய அம்பேத்கரை ஏன் யாரும் வரைவதில்லை?

பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் அவர் இதே சேரியைத்தான் கண்டார். நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், அவர்கள் வாய் பட்டது எங்கள் வாயில் படுமா என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளிகள். கூலி கூடிய பிரிவு அதுதான். 1928 வேலைநிறுத்தக் காலத்திலேயே அம்பேத்கர் இதைக் கேட்டார். சிவப்புக் கொடிக்காரர்களுக்கு அது ‘ஒற்றுமையைக் குலைக்கிற’ கேள்வியாகப் பட்டது. நூறு வருடம் ஆகப்போகிறது. எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, தல்லுகிற பிரிவில் ஏன் நம்ம ஆட்கள் மட்டும், தரம் பிரிக்கிற வேலையைச் சுழற்சியில் கொடுக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்கலாமா என்று கேட்டேன். “தம்பி, வர்க்கத்துக்குள்ள சாதியக் கொண்டுவராதீங்க” என்றார் தலைவர். அது ஏற்கனவே உள்ளே குத்தவைத்து இருக்கிறது தோழரே, நான் கொண்டுவரவில்லை.

அவர்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. நாம் என்ன செய்தோம்? சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம், சிலைக்குப் போராடினோம், வன்கொடுமை வழக்குக்காகக் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வெட்டுப்பட்டால்தான் வன்கொடுமையா? முப்பது வருடம் ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் ஒரு சாதியின் கையை மட்டும் அமிலத்தில் முக்கி எடுப்பது எந்தப் பட்டியலில் வருகிறது? எங்கள் பக்கத்து மாணவத் தோழர்களில் அநேகம் பேர் கட்டிய பரீட்சைப் பணம் அண்டி தல்லிய பணம். விடுதியில் இருந்து ஃபூக்கோ படிக்கிறீர்கள், உடலின் மீது அதிகாரம் எப்படி எழுதப்படுகிறது என்று எனக்கே வகுப்பு எடுக்கிறீர்கள். நல்லது. லீவுக்கு ஊருக்கு வரும்போது அம்மையின் கையைத் திருப்பிப் பாருங்கள்.

முதலாளிகளின் வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரொம்பக் கெடுபிடி பண்ணினால் ஆபீசைப் பூட்டிவிட்டு வேறு இடம் போய்விடுவோம் என்பது. இது வெறும் மிரட்டல் அல்ல. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலியும் சங்கமும் வலுத்த 1960, 70களில்தான் கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை தாண்டி எங்கள் மாவட்டத்துக்கு வந்தார்கள். 1956 நவம்பர் 1இல் நாங்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம் என்று விழா எடுக்கிறோம். அந்த எல்லைக்கோடு முதலாளிக்குக் கிலோவுக்கு எத்தனை காசு மிச்சம் பண்ணிக் கொடுத்தது என்று யாரும் கணக்குப் போடவில்லை. இன்றைக்கு வியட்நாம் எந்திரத்தில் உடைத்து உலகச் சந்தையில் முந்திவிட்டது. இங்கேயும் வெட்டு மிஷின் வந்திருக்கிறது. எத்தனையோ ஆபீசுகள் பூட்டிவிட்டன. பூட்டிய ஆபீசின் அண்டி மட்டும் நிற்கவில்லை. சிறு சிறு கொட்டகைகளுக்கும் வீட்டுத் திண்ணைகளுக்கும் போய்விட்டது.

புதிய சட்டம் கை கழுவுகிற இடமும் அந்தக் கொட்டகைதான். 2020இல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தொழிற்சாலை என்ற சொல்லுக்கே வேறு பொருள் எழுதிவிட்டது. முன்பு மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இப்போது 20, 40. கல்லும் கொட்டுவடியுமாக, மின்சாரம் இல்லாமல் 39 பெண்கள் குத்தவைத்து அண்டி தல்லினால் அது தொழிற்சாலை அல்ல. இன்ஸ்பெக்டரின் பேரும் மாறிவிட்டது, இன்ஸ்பெக்டர்-கம்-பெசிலிடேட்டர். சோதனை போடுகிறவரே முதலாளிக்கு உதவி செய்கிறவரும். எந்த ஆலைக்கு எப்போது போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் சொல்லும். அபராதத் தொகையைக் கூட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லக்கூடாது. 39 பேர் வேலை பார்க்கிற கொட்டகையில் அந்த அபராதம் யார்மேல் விழும்?

அன்றைக்கு ஒரு நாடகமாவது நடத்த வேண்டியிருந்தது. பாய் விரிக்க வேண்டும், தொட்டில் கட்ட வேண்டும், பிள்ளை பிடிக்க வேண்டும். அந்த அரைமணி நேரப் பயமாவது சட்டத்தின் பேரில் முதலாளிக்கு இருந்தது. இனி அதுவும் வேண்டாம், ஒரு பிஸ்கட் பாக்கெட் செலவு மிச்சம். சோதனை பொய் என்று இத்தனை பக்கம் எழுதிய நானே சோதனையை எடுக்காதே என்று சொல்கிறேன். பொய்யான சோதனையை மெய்யாக்கு என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியும். சோதனையே வேண்டாம் என்பது முதலாளியின் கோரிக்கை.

வழி இல்லாமலும் இல்லை. ஆள் எண்ணிக்கை குறைவான இடத்துக்கும் சட்டத்தை நீட்டலாம் என்று பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவு சொன்னது. அபாயமான தொழில் என்று அறிவித்தால் தலை எண்ண வேண்டியதில்லை என்கிற வாசல் புதியதிலும் இருக்கிறது. அண்டி தல்லுவதை அபாயத் தொழிலாக அறிவி. கையுறை போட்டுத் தல்லுகிற வேகத்தை வைத்துக் கிலோக் கூலியை நிர்ணயம் பண்ணு. எல்லாப் பிரிவுக்கும் எல்லாரையும் சுழற்சியில் அனுப்பு. சோதனைக்கு வருகிறவர் மேஸ்திரி இல்லாத இடத்தில், ஆபீசுக்கு வெளியே, தல்லுகிற பெண்களிடம் பேச வேண்டும். எந்தப் பிரிவில் எந்தச் சாதி என்ற பத்தி அவர் படிவத்தில் வேண்டும். சாதி கேட்பது நாகரிகமில்லை என்பவர்கள், பிரிவுக்கு ஆள் எடுக்கும்போதும் அந்த நாகரிகத்தைக் காட்டட்டும்.

எனக்க அம்மைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ரேசன் கடையில் கைரேகைக் கருவி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தொல்லை. பெருவிரலை வைத்தால் எடுக்காது. துடைத்துவிட்டு வையுங்கம்மா என்பான் பையன். துடைத்து வைத்தாலும் எடுக்காது. பத்து விரலையும் பார்த்தாயிற்று. ரேகை இருந்தால்தானே எடுக்கும். ஆபீசுப் பதிவேட்டில் கையுறை பெற்றுக்கொண்டேன், முழுக்கூலி பெற்றுக்கொண்டேன் என்று வருடக்கணக்காக வைத்த பெருவிரல் அது. அன்றைக்கு யாரும் ரேகை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. மையில் ஒரு கறுத்த வட்டம் விழுந்தால் போதும் என்று இருந்தார்கள்.

நாங்கள் சிலபேர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். தேங்காய்ப்பட்டணம், பைங்குளம், முஞ்சிறை, புதுக்கடை பக்கத்துக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் எழுதுகிறோம். பேர், வயசு, எந்தப் பிரிவு, எத்தனை வருடம், எந்த விரல், கருவி ரேகையை எடுக்கிறதா, கடைசியாக இன்ஸ்பெக்டரைக் கண்டது எப்போது, அவர் என்ன கேட்டார். முதல் பேர் அம்மையுடையது. “இதுலயும் வெரலு வைக்கணுமா மக்களே?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வர நினைக்கிற மாணவத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் பெண்கள் விடியுமுன்னே இறங்கிவிடுவார்கள். கேமரா வேண்டாம். அவர்கள் தண்ணி தந்தால் குடியுங்கள்.